ஒன்பது சாக்கு, பதினேழு சாக்கு

புதன்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய புத்தகம். அதற்கு முன்னுரை எழுதிய லோகேஸ்வரி, திங்கட்கிழமை காலையிலேயே தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெராமில் பெர்னாட் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அங்கிள், பசியாறிட்டீங்களா? நாசி லெமாக் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

பெர்னாட் பசியாறியிருந்தார். இருந்தாலும் மறுபடி உட்கார்ந்தார். இசபெல் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் இன்னொரு ஆள் உட்கார்ந்து சாப்பிடும் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது.

இசபெல் அவர் மனைவி. செம்பாக்கா தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் உதிரிப் பழம் பொறுக்கியவள். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலையை ஆண்கள் வெட்டித் தள்ளுவார்கள். விழுந்த வேகத்தில் சிதறி ஓடும் பழங்களை, முள்ளையும் பாம்பையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது பெண்களின் வேலை. அந்த வேலையோடு வேலையாக மூன்று நாவல்கள் எழுதினாள். மரங்களுக்கு நடுவே குனிந்து போகும்போது வாக்கியங்களை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள். ஒரு நிரை முடிவதற்குள் ஒரு வாக்கியம் தேறிவிடும். பக்கத்து நிரையில் இருந்தவர்கள் அவள் செபமாலை சொல்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நமக்கும் சேர்த்து வேண்டிக்க இசபெல்லு" என்று கேட்டுக்கொண்டவர்களும் உண்டு.

மூன்றில் பேர் வாங்கியது 'ஈரச் சாக்கு'. ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் தொடராக வந்து, நான்கு வருஷம் கழித்துப் புத்தகமானது. இருபது வருஷமாகக் கடைகளில் கிடையாது. இப்போது ஒரு பதிப்பகம் மறுபடி போடுகிறது.

பெர்னாட் கையைக் கழுவிவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினார். முன்னுரை ஆறு பக்கம். நன்றாகத்தான் இருந்தது. இசபெல்லின் பேரை அச்சுத் தாளில் இத்தனை தடவை பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐந்தாம் பக்கத்துக்கு வந்ததும் விரலை ஒரு வரிக்குக் கீழே வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

'இசபெல் கற்பனை செய்தவர் அல்லர். தம் தோட்டத்தில் நடந்ததை நடந்தபடியே பதிந்துவைத்த நேர்மையான சாட்சி. பதினோராம் அத்தியாயமே அதற்குச் சான்று.'

"இந்த வரிய எடுத்துடு மா."

லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஐயோ அங்கிள், முன்னுரைக்கு உயிரே அதுதான்!"

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

"பாராட்டித்தானே எழுதியிருக்கேன்?"

"கண்டத கண்டபடி எழுதறதுக்கு ஒரு ஆபீஸ் கிராணி போதும் மா. செக்ரோல்ல ஆள்வரவு எழுதறவன் அதத்தான் செய்றான். இவ அந்த வேலையா பார்த்தா?"

பதினோராம் அத்தியாயம் இதுதான். எடைக் கிராணி ஒவ்வொரு சாக்குக்கும் 'பாதி மண்ணு' என்று சொல்லி எடையில் கழித்துக்கொண்டே வருவான். ஒரு மழை நாளில் பொறுக்கும் பெண்கள் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்பார்கள். முதல் பெண் சாக்கைத் தராசில் வைக்காமல் அவிழ்த்து, துரையின் கார் நிற்கும் சிமெண்டுத் தரையில் கொட்டிவிடுவாள். "மண்ணு எங்கன்னு காட்டுங்க கிராணியாரே." அடுத்தவள் கொட்டுவாள். அதற்கடுத்தவள். ஒன்பது பேர். மீதி எட்டுப் பேர் சாக்கைத் தூக்கிக்கொண்டு பேசாமல் தராசுக்குப் போய்விடுவார்கள். அந்த எட்டுப் பேரை எழுதிய பக்கங்களைப் படித்துவிட்டு அழாதவர்களைப் பெர்னாட் பார்த்ததில்லை.

"அது நடக்கவே இல்ல" என்றார் பெர்னாட். "தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப இதே மேசையிலதான் உட்கார்ந்து எழுதினா. பாசிர் பெனம்பாங்குல இருந்து நான் கொண்டாந்த எறாலை உரிச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கேன். 'கடைசி எட்டுப் பேரு கொட்டட்டுமா, வேணாமா?'ன்னு என்னக் கேட்டா. 'கொட்டட்டும் புள்ள, படிக்கிறவனுக்குச் சந்தோஷமா இருக்கும்'னேன். ஒரு பார்வை பார்த்தா பாரு! கொட்டலன்னு எழுதிட்டா. நடந்த விஷயமா இருந்தா என்னக் கேப்பாளா?"

லோகேஸ்வரி தயங்கினாள். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நான் தோட்டத்து ஆளுங்க நாலு பேர்கிட்ட பேசியிருக்கேன். நாலு பேரும் நடந்துச்சுன்னு சொன்னாங்க. ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்."

பெர்னாட்டுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சு அவருக்குப் புதிதில்லை. செம்பாக்காவில் யாரைப் பார்த்தாலும் சாக்குக் கொட்டிய நாளைப் பற்றிச் சொல்வார்கள். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், தீபாவளி விருந்தில் எல்லாம் கேட்டிருக்கிறார். 'பாவம், கதையைப் படித்துப் படித்து நடந்ததாகவே நம்பிவிட்டார்கள்' என்று எண்ணிக்கொள்வார். மறுத்துப் பேசியதில்லை. அதில் அவருக்கு ஒரு மறைவான பெருமைகூட உண்டு. தன் மனைவி உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கிய ஒரு மழை நாளில், ஒரு தோட்டமே போய் நனைந்துவிட்டு வந்திருக்கிறதே!

ஆனால் அது அச்சில் ஏறினால் வேறு கணக்கு. நாளைக்குப் படிக்கிற பிள்ளைகள், 'தோட்டத்துப் பொம்பளை, பார்த்ததை எழுதினாள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவள் ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் காற்றோடு போய்விடும்.

"வா மா, தோட்டத்துக்கே போவோம்" என்று எழுந்தார். "என் முன்னாடி கேளு."

லோகேஸ்வரியின் மைவி காரில் போனார்கள். கடலோரச் சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் இரண்டு பக்கமும் செம்பனை. வாய்க்காலில் கொக்கு. பழம் ஏற்றிய லோரி ஒன்று முன்னால் சாவகாசமாகப் போனது.

"கதையில ஆபீஸ் வாசல்ல நின்னா கடல் தெரியும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் பெர்னாட்.

"இருக்கு. தண்ணி உள்வாங்கிச் சேறு மட்டும் பளபளன்னு கிடக்கும். அந்தச் சேத்துல பொம்பளைங்க நிழல் விழும். அழகான இடம்."

"இதோ ஆபீஸ். கடல் எங்க, காட்டு பாப்போம்."

ஆபீஸ் வாசலில் ஒரு ரம்புத்தான் மரம் நின்றது. அதற்குப் பின்னால் உரக் கொட்டகை. கடல் ஆறு மைல் தள்ளி இருந்தது.

"அந்தச் சேறு சுங்கை செம்பிலாங்குல இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போகச் சொல்லுவா. மீன் வாங்கத்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். மீன் வாங்கவே மாட்டா. படகுத்துறையில உட்கார்ந்து சேத்தப் பார்த்துக்கிட்டே இருப்பா. 'இத அப்படியே தூக்கிட்டுப் போயி ஆபீஸ் வாசல்ல போட்டா எப்படி இருக்கும்?'னு ஒருநாள் கேட்டா. எனக்கு என்னா தெரியும்? 'துரை திட்டுவாரு'ன்னேன்."

லோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் விடவில்லை. "கடல மாத்தியிருக்கலாம் அங்கிள். சாக்கு?"

தோட்டத்து முச்சந்தியில் திலகாவின் ஒட்டுக்கடை. தகரக் கூரை, நான்கு மேசை. திலகா பதினெட்டு வருஷம் இசபெல்லுக்குப் பக்கத்து நிரையில் பொறுக்கியவள். இப்போது ஐம்பத்தேழு வயது. மீ கோரெங் பிரட்டும்போது மட்டும் முப்பது வயசுக் கை. முன் மேசையில், பழைய ஆபீஸ் காவல்காரர் அப்பளசாமி, ஒரு கிளாஸ் தே ஓவை, பாலில்லாத தேநீரை, ஒரு மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே! ரெண்டு மாசமா ஆளையே காணோம்" என்றாள் திலகா. "இது யாரு, போன்ல பேசின டீச்சரா? உக்காருங்க மா."

பெர்னாட் உட்காரவில்லை. "திலகா, ஒண்ணு கேக்கிறேன், நேரா பதில் சொல்லு. ஆபீஸ் வாசல்ல சாக்கக் கொட்டினது கதையிலதானே?"

திலகா கரண்டியை நிறுத்தினாள். "என்னண்ணே கேள்வி இது?"

"நடந்துச்சா இல்லையா?"

"நடக்காம? நானே கொட்டுனேன்!"

"நானே பார்த்தேன்லா!" என்றார் அப்பளசாமி. "கிராணி கைய ஓங்கிட்டு வந்தான். 'யோவ், பொம்பளைங்க மேல கை வச்சே, நடக்கிறதே வேற'ன்னு குறுக்க போயி நின்னேன்."

"நீ குறுக்க நின்னியா?" என்றாள் திலகா. "ஆபீஸ் மேசைக்குப் பின்னால குந்தியிருந்த. உன் தொப்பி மட்டும் தெரிஞ்சுது."

"அது… வெளிய மழை."

"எங்களுக்கு மட்டும் வெயிலா அடிச்சுச்சு?"

பெர்னாட் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பதினோராம் அத்தியாயம் வந்த ஞாயிறு பதிப்பின் துண்டு. மேலே தேதி தெளிவாக இருந்தது: 8 அக்டோபர் 1995. "இதுக்கு முன்னாடி எந்த வருஷம், எந்த மாசம் கொட்டுனீங்க? சொல்லு பாப்போம். லயத்துலதான் நானும் இருந்தேன். எனக்குத் தெரியாம எப்படி நடக்கும்?"

திலகா தாளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முன்னாடின்னு யாருண்ணே சொன்னது?"

"என்னா?"

"என் சின்னவன் பவனேஷ் வயித்துல ஏழு மாசம். குனிய முடியாம குனிஞ்சு பொறுக்கிட்டிருந்தேன். அவன் பொறந்தது தொண்ணூத்தேழு ஜூலை. அப்ப கொட்டுனது மே மாசம். தொழிலாளர் தினத்துக்கு மறு வாரம்."

லோகேஸ்வரியின் பேனா நின்றது. "அக்கா, நிதானமா சொல்லுங்க. கதை தொண்ணூத்தஞ்சுல வந்துருச்சு. நீங்க கொட்டுனது தொண்ணூத்தேழுலயா?"

"ஆமா மா. படிச்சிட்டுத்தானே செஞ்சோம்! கதையில்லாம எங்களுக்கு அந்த யோசனை எங்க இருந்து வரும்? காலையில பெரட்டுக்கு நிக்கிறப்ப, பேரு கூப்பிடறதுக்கு முன்னாடி, எங்ககூடப் பொறுக்கற மேகி பேப்பரப் பிரிச்சுச் சத்தமா வாசிப்பா. எழுத்துத் தெரியாதவளுக்குக்கூட அந்த அத்தியாயம் மனப்பாடம். ஒன்றரை வருஷம் அது எங்க வயித்துலயே கிடந்துச்சு. புதுக் கிராணி வந்து, 'பாதி மண்ணு'ன்னு அதே வார்த்தையச் சொன்னான் பாருங்க. கலாவதி என்னத் திரும்பிப் பார்த்தா. நான் மேகியப் பார்த்தேன். அவ்வளவுதான்."

"அப்ப என்கிட்ட ஏன் இத சொல்லல?" என்றாள் லோகேஸ்வரி.

"நீங்க நடந்துச்சான்னுதானே கேட்டீங்க? எப்ப நடந்துச்சுன்னு யாரும் கேக்கலியே."

பெர்னாட் இப்போதுதான் உட்கார்ந்தார். அந்த வருஷங்களில் அவர் பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஜொகூருக்கு மீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று ராத்திரி வீட்டில் இருக்கமாட்டார். இருபத்தெட்டு வருஷமாக ஊரே சொன்னதைக் கதை என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவ ஏன் எங்கிட்ட சொல்லல?"

திலகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நடந்தத கதையோட சேத்துச் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்டயும் சத்தியம் வாங்கினா. 'உன் கதையாலதான் இது நடந்துச்சு, பேப்பருக்கு எழுதிப் போடு'ன்னு மேகி குதிச்சா. இசபெல்லுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'நான் மேசையில உட்கார்ந்து எழுதினேன். அதுக்காக என்ன யாரும் வேலைய விட்டுத் தூக்கப் போறதில்ல. நீங்க வயித்துப் பொழப்பக் கொண்டாந்து வாசல்ல கொட்டியிருக்கீங்க. நாளைக்கு எழுத்துக்காரி சொல்லித்தான் செஞ்சாங்கன்னு ஆயிப்போச்சுன்னா, உங்க தைரியத்த நான் தின்னுட்ட மாதிரி'ன்னா. 'என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னா லோரி போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போவாரு, அவருக்கு என்னைப் பத்திப் பேச வாய் நிக்காது'ன்னா."

அப்பளசாமி தலையாட்டினார். "அது உண்மைதான்டா பெர்னாட். உனக்கு வாய் நிக்காது."

பெர்னாட் பிளாஸ்டிக் உறையை எடுத்துத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்குண்ணே" என்றாள் திலகா. இப்போது அவள் முகத்தில் ஒரு குறும்பு ஏறியது. "கதையில எத்தன பேரு கொட்டுவாங்க?"

"ஒன்பது."

"நாங்க பதினேழு பேரும் கொட்டுனோம்."

லோகேஸ்வரி 17 என்று எழுதி வட்டமிட்டாள்.

"ஒருத்தி விடல. இந்த ஆளக் கேளுங்க, மேசைக்குப் பின்னால இருந்தாலும் கண்ணு இருந்துச்சுல்ல. ஆபீஸ் வாசல் முழுக்கச் செவப்பு. பழம் உருண்டு உருண்டு வாய்க்கால்ல விழுது. துரை கார ஓட்டிட்டு வந்து, ஏத்த எடமில்லாம ரோட்டுலயே நிறுத்திட்டாரு. எறங்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாரு. மண்ணு இல்ல. அடுத்த வாரத்துல இருந்து, கழிக்கணும்னா எங்க கண்ணு முன்னாடி கொட்டிக் காட்டிட்டுத்தான் கழிக்கணும்னு உத்தரவு. அதுக்கப்புறம் ஒரு சாக்குல கழிச்சதில்ல."

"இசபெல்லு?" என்று கேட்டார் பெர்னாட்.

"பதினேழுல அவளும் ஒருத்திதானே. வரிசையில நின்னா, அவ மொறை வந்துச்சு, கொட்டுனா. எல்லாரையும் மாதிரிதான்."

லோகேஸ்வரி வேகமாக எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "அக்கா, புத்தகம் வந்தது தொண்ணூத்தொன்பதுல. உங்களுக்கு அப்புறம் ரெண்டு வருஷம். புத்தகத்துலயும் ஒன்பது பேருதான் கொட்டறாங்க. அவங்க அத மாத்தவே இல்லியே?"

"அதுக்குத்தான் நானும் அவளும் ஒரு மாசம் பேசல!" என்றாள் திலகா. "புத்தகமாப் போடப் போறேன்னு சொன்னா. 'அப்ப அந்த ஒன்பத அழிச்சிட்டுப் பதினேழுன்னு போடு, அதுதானே நடந்துச்சு?'ன்னேன். 'மாத்த மாட்டேன்'னுட்டா. எனக்குப் பத்திக்கிச்சு. ஏழு மாச வயித்தோட நான் கொட்டின சாக்க எழுத உனக்கு மனசில்லையான்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்னா…" திலகா கொஞ்சம் நிறுத்தி, வார்த்தைகளைச் சரியாக எடுத்துவைக்கப் பார்த்தாள். "'திலகா, நீங்க செஞ்சது உங்களுது. அது அப்படியே நிக்கும். ஆனா கதையில பயந்துபோன எட்டுப் பேரு இருக்காங்களே, அவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்களையும் யாராவது எழுதணும். அவங்களப் பார்த்து ரோஷம் வந்துதானே நீங்க பதினேழு பேரும் கொட்டுனீங்க?'ன்னா."

"உண்மையா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"உண்மைதான் மா. பெரட்டுல அந்த எட்டுப் பேரப் பத்தி வாசிச்சப்ப, ஒவ்வொருத்தியும் 'அது நான்தான், என்னைத்தான் எழுதியிருக்கா'ன்னு நெனச்சோம். நானும் நெனச்சேன். ஒன்றரை வருஷம் அவமேல எனக்கு உள்ளுக்குள்ள கடுப்பு. அதான் வரிசையில முன்னாடி போயி நின்னேன்."

லோகேஸ்வரி பையிலிருந்து முன்னுரையை எடுத்தாள். ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து, பெர்னாட் விரல் வைத்த வரியின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். கோடு காகிதத்தைக் கிழித்துவிடும் போல் இருந்தது.

"மன்னிச்சிருங்க அங்கிள். நடந்தது கண்ணு முன்னாடி இருந்தும் அதுக்கேத்த மாதிரி கதைய மாத்தாத ஆள, நடந்தத எழுதினவங்கன்னு எழுதிட்டேன். இங்க என்னா போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. 'அவர் கற்பனையில் பிறந்தது' என்று சொன்னால் போதும். புதன்கிழமை அச்சேறும். இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டால், 'அவர் எழுதியதைப் படித்து ஒரு தோட்டமே எழுந்து நின்றது' என்றும் போட்டுக்கொள்ளலாம். எந்த எழுத்தாளனுக்கு இப்படி ஒரு வரி கிடைக்கும்? லோரி ஓட்டிய காலமாயிருந்தால் ஜொகூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே போயிருப்பார். அந்த வரி அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

இசபெல் வேண்டாமென்று சொன்னதும் அதைத்தான்.

"திலகா, அவகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க" என்றார். "இப்ப என்னா செய்யலாம்?"

"அவ இல்ல. நாங்களும் எத்தன நாளைக்கு? பதினேழுல ஆறு பேரு போயிட்டாங்க. மேகிக்கு ஞாபகம் தடுமாறுது. நீங்க சொல்லுங்கண்ணே. உங்க பேச்சு அவ பேச்சு மாதிரி."

பெர்னாட் யோசித்தார். சாலையில் பழ லோரி ஒன்று போய், புழுதி அடங்கும் வரைக்கும் யோசித்தார். பிறகு விரலால் மேசையில் தட்டினார்.

"எழுதிக்க மா. முன்னுரையில ஒரே வரி. 'பதினோராம் அத்தியாயம் இசபெல்லின் கற்பனை; 1995-இல் எழுதியது.' அவ்வளவுதான். அதுக்கு மேல அலங்காரம் வேணாம். அது அவளுது." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் புத்தகத்துல கடைசியா ஒரு தனிப் பக்கம். கதையோட ஒட்டக் கூடாது, நடுவுல ஒரு வெள்ளைத் தாளு விட்டுடு. 'மே 1997-இல் செம்பாக்கா தோட்டத்தின் ஆபீஸ் வாசலில் சாக்கைக் கொட்டிய பெண்கள்.' கீழ பேருங்க. கதையாலன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. படிக்கிறவங்க தேதியப் பார்த்து அவங்களே புரிஞ்சுக்கட்டும்."

"பேரு போடறதா?" என்றாள் திலகா. முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "எங்க பேரா? புத்தகத்துலயா?"

"பின்ன யாரு பேர? அப்பளசாமி பேரயா?"

"போட்டா என்னாவாம்?" என்றார் அப்பளசாமி. "தொப்பின்னாவது போடு."

சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. லோகேஸ்வரி புதுத் தாளை எடுத்து, ஒன்று முதல் பதினேழு வரை எண்ணைப் போட்டாள்.

"ஆன்ட்டி பேர முதல்ல எழுதிக்கவா அங்கிள்?"

"வரிசையில எங்க நின்னாளோ அங்க எழுது."

திலகா கண்ணை மூடிக்கொண்டாள். ஆபீஸ் வாசலில் நிற்கிற மாதிரி கைகளை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். முதலில் கலாவதி. அடுத்தது அவள். மூன்றாவது மேகி. ஒவ்வொரு பேரையும் அப்பா பேரோடு, இல்லாவிட்டால் புருஷன் பேரோடு சொன்னாள். செத்துப்போனவர்களுக்குக் குரலைத் தாழ்த்தவில்லை. எட்டாவது ஆளில் அப்பளசாமி குறுக்கே பேசினார். திலகா யோசித்துப் பார்த்து, "ஆமா, அந்த ஆளு சொல்றது சரி" என்று எட்டையும் ஒன்பதையும் மாற்றினாள். பெர்னாட் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பதினான்காவதாக வந்தது. "இசபெல், பெர்னாட் சம்சாரம்."

லோகேஸ்வரி எழுதினாள். திலகா கண்ணைத் திறக்காமல் பதினைந்தாவது பேரைச் சொன்னாள்.